வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் தரவு அறிவியல் பணி

தரவு அறிவியல் பணி என்பது தரவுகளைத் திரட்டி, தூய்மைப்படுத்தி, பகுத்தாய்ந்து, முடிவெடுக்க உதவும் செய்திகளை அவற்றிலிருந்து பெறும் தொழில் ஆகும். இப்பணியைச் செய்பவர் தரவு அறிவியலாளர் எனப்படுகிறார். புள்ளியியல், கணிதம், நிரலாக்கம், ஆய்வுக்குரிய துறையைப் பற்றிய அறிவு ஆகியன இதன் அடிப்படைகள். பாலாற்றை ஒட்டிய வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றது. இப்பணிக்கான கல்வி வாய்ப்புகளும் ஆய்வதற்குரிய உள்ளூர்ச் சிக்கல்களும் இங்கு ஒருங்கே உள்ளன.

பின்னணி

இந்தியாவில் புள்ளியியல் கல்விக்கு 1931 இல் மகலனோபிசு கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வழிகோலியது. 2001 இல் வில்லியம் கிளீவ்லாண்டு புள்ளியியலைக் கணினியியலுடன் இணைத்து விரிவாக்கி, தரவு அறிவியல் என்னும் தனித்துறையாக வளர்க்க முன்மொழிந்தார். 2010களில் இது பரவலான வேலைப்பெயராயிற்று.

கல்வி வாய்ப்புகள்

* வேலூர் தொழில்நுட்பக் கழகம் (வி.ஐ.டி.): 1984 இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கணினி அறிவியலில் தரவு அறிவியல் சிறப்புப் பாடப்பிரிவு உண்டு.
* கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்: இங்கு உயிரிப் புள்ளியியல் துறை இயங்குகிறது. மருத்துவத் தரவுகளில் நாட்டமுடையோருக்கு இது ஏற்றது.
* இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை: 2020 இல் தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கூட்டு நுழைவுத் தேர்வு (ஜே.இ.இ.) எழுதாதவரும் தகுதிகாண் கட்டத்தில் தேறிச் சேரலாம். சான்றிதழ், பட்டயம் ஆகிய நிலைகளிலும் வெளியேற இயலும்.

முதுகலைப் பொறியியல் படிப்புகளுக்கான கேட் தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் தனித்தாளாக உள்ளன.

தொடங்கும் முறை

1. நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றைக் கற்றல்.
2. பைத்தான் அல்லது ஆர் மொழியையும், தரவுத்தளங்களை வினவும் எசு.கியூ.எல். மொழியையும் பழகுதல்.
3. உண்மையான தரவுகளைக் கொண்டு சிறு ஆய்வுகளைச் செய்து, நிரலையும் முடிவுகளையும் பிறர் சரிபார்க்கும் வண்ணம் வெளியிடுதல்.
4. தரவுப் பகுப்பாய்வாளர் போன்ற தொடக்கநிலைப் பணியிலோ பயிற்சிப் பணியிலோ சேர்தல்.

உள்ளூர்த் தரவுகளைக் கையாள்வதில் விழிப்பு தேவை. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331 ஆகும். 2019 நவம்பரில் இம்மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன; ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லை மாற்றத்தைக் கவனியாமல் பழைய, புதிய எண்களை ஒப்பிடுபவர் மக்கள்தொகை குறைந்துவிட்டதாகப் பிழையாக முடிவு செய்ய நேரிடும்.

தோல் தொழிலும் தரவும்

தோலின் குறைகளை ஒளிப்படத்தால் கண்டறிந்து தரம் பிரித்தல், வெட்டும்போது வீணாகும் தோலைக் குறைத்தல், காலணிக்கான தேவையை முன்கணித்தல் ஆகியவற்றில் தரவு அறிவியலைப் பயன்படுத்தலாம். இவற்றுக்குத் தோலைப் பற்றிய பட்டறிவு இன்றியமையாதது. ஆகவே தொழிற்சாலைகளை அறிந்து வளர்ந்த மாணவருக்கு இது ஒரு வலிமையாகும்.

கழிவுநீரைக் கண்காணித்தல் மற்றொரு களம் ஆகும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்னும் அளவாய்வைச் சுட்டியது. பாலாறு மாசடைதல் குறித்து 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் இழப்பீடு தொடர்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது. உழவரின் இழப்பீடு, தொழிலாளரின் வேலை ஆகிய இரண்டையும் இத்தகைய அளவீடுகள் பாதிக்கக்கூடும் என்பதால், தரவை மறைக்காமலும் திரிக்காமலும் தருவது இப்பணியின் முதன்மை அறமாகும்.

பணி வளர்ச்சி

தொடக்கத்தில் அறிக்கைகளும் அட்டவணைகளும் தயாரிப்பவர், பட்டறிவு பெற்றபின் தரவுப் பொறியாளர், இயந்திரக் கற்றல் பொறியாளர், குழுத்தலைவர் எனப் பல திசைகளில் வளரலாம். இவ்வட்டாரம் சென்னை – பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்திருப்பதால், அவ்விரு நகரங்களின் வேலைவாய்ப்புகளையும் நாட இயலும். கருவிகள் விரைவில் மாறுவதால் தொடர்ந்து கற்பது தேவையாகிறது. எனினும், கேள்வியைச் சரியாக வகுப்பதும் தரவின் பிறப்பிடத்தை ஆராய்வதும் மாறாத திறன்கள் ஆகும்.