புதுக்கோட்டை உரோமானியப் பொற்காசுகளில் உளிவெட்டு: சோதனையா, செல்லாதாக்கலா?

மதுரை ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதற்கு வடக்கே, மாங்குளத்துக் கல்வெட்டுகள் வெள்ளறை நிகமத்தாரைக் கொடையாளராகக் குறிக்கின்றன. வணிகர் கிறித்துவுக்கு முன்பே இச்சமவெளியில் குழுவாகத் திரண்டிருந்தமைக்கு இது நேர்ச்சான்று. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியப் பொற்காசு தென்னாட்டிற்கு வந்தபோது, இத்தகைய வணிகர் உலகம் அதனை எவ்வாறு கையாண்டது என்னும் வினாவுக்கு, காசின்மேல் உள்ள வடுக்களே விடை தருகின்றன.

1898-இல் ஆலங்குடி வட்டம் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் புதையல் எனப்படும் இதனை ஜி.எஃப். ஹில் ஆராய்ந்து வெளியிட்டார். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான இக்காசுகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பேரரசரின் தலைமீது உளியால் வெட்டப்பட்டவை.

இவ்வெட்டு அக்கசாலையில் நேர்ந்ததன்று என்பதை எளிதில் உறுதிசெய்யலாம். அச்சில் விரிசல் இருப்பின் அது காசில் மேடாகப் பதியும். உளியோ பள்ளத்தை உண்டாக்கும். பள்ளத்தின் இருமருங்கிலும் உலோகம் பிதுங்கி உதடுபோல் எழும்; மறுபுறம் அழுந்தித் தட்டையாகும். பொன்னில் களிம்பு ஏறாததால் வெட்டின் பழமையை நிறத்தால் அறிய இயலாது. பள்ளத்துள் படிந்த மண்ணே சான்று. எனவே ஆய்வுக்கு முன் காசைக் கழுவுவது சான்றையே அழிப்பதாகும்.

முலாம் பூசிய போலிகளைக் கண்டறியவே வெட்டினர் என்பது ஒரு கருத்து. செம்பின்மேல் வெள்ளித்தகடு பொதிந்த போலித் தெனாரியசுகள் இந்தியாவில் கிடைத்துள்ளமையால் அவ்வையம் அடிப்படையற்றதன்று. ஆனால் உள்ளீட்டைக் காண விளிம்பில் ஒரு சிறு கீறலே போதும். முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. மேலும், பொன்னின் ஒப்படர்த்தி 19.3, செம்பினது ஏறத்தாழ 9. அதே எடையில் செம்புள்ளீடு கொண்ட காசு பெருத்துக் காணும். பழகிய கைக்கு அது தப்பாது. உரைகல்லும் இருந்தது. காலத்தால் பிற்பட்டதாயினும், சிலப்பதிகாரத்தின் மதுரைப் பொற்கடைத்தெரு சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகையாகப் பகுத்தறிந்தோரைக் காட்டுகிறது. அத்தகைய மரபில் வந்தோர் ஐந்நூறு காசுகளில் பெரும்பாலானவற்றை ஐயத்தால் வெட்டினர் என்பது பொருந்தவில்லை.

தேய்ந்த காசுகளைச் செலாவணியிலிருந்து விலக்கவே வெட்டினர் என்றார் ஹில். இதுவே வலுவுடையது, எனினும் இதன் உட்கிடை போதிய கவனம் பெறவில்லை. எல்லாக் காசுகளும் எடைக்கே கொள்ளப்பட்டிருப்பின் முகத்தைச் சிதைப்பதில் பயனில்லை. முகத்தைக் கண்டு எண்ணிக்கையால் ஏற்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால்தான், ஒரு காசை அவ்வழக்கிலிருந்து நீக்க வெட்டு தேவைப்படும். ஆகவே உரோமானியப் பொன் தென்னாட்டில் வெறும் உலோகமாகவே மதிக்கப்பட்டது என்னும் பரவலான கூற்றுக்கு இவ்வெட்டுகளே மறுப்பாகின்றன. கி.பி. 64-இல் நீரோ பொற்காசின் எடையை ஓர் இராத்தலுக்கு 40 என்பதிலிருந்து 45 எனக் குறைத்தமையால், பழைய காசும் புதிய காசும் கலந்து வழங்கிய சூழலில் எண்ணிக்கைக்கும் எடைக்கும் இடையே பிணக்கு எழுந்திருத்தல் இயல்பே. வெட்டுண்டவற்றின் சராசரி எடையை வெட்டுறாதவற்றின் எடையோடு பேரரசர் வாரியாக ஒப்பிட்டால் இது சோதனைக்குட்படும்.

துளையிட்ட காசுகள் வேறு வகையின. தலைக்கு மேல் துளை அமைந்தால் முகம் நிமிர்ந்து தொங்கும். அது அணிகலன், செல்லாதாக்கலன்று. இக்கால வணிகத்தில் துளையை அடைத்தும் வெட்டைப் பற்றவைத்து நிரப்பியும் விற்பதுண்டு. அவ்வாறு நிரப்பிய இடத்தை உருப்பெருக்கியில் நோக்கின், எழுத்தின் கோடுகள் அங்கு அறுபட்டு, மெருகு வேறுபட்டிருக்கும். பின்னாளில் பூசிய பொன்முலாமோ தேய்மானக் கீறல்களின்மேலும் சீராகப் படர்ந்திருக்கும். அருங்காட்சியகப் பட்டியல்கள் பலவும் இவற்றையெல்லாம் ‘சிதைந்தது’ என்ற ஒரே சொல்லில் அடக்குகின்றன. வெட்டின் இடம், திசை, ஆழம் ஆகியன தனித்தனியே பதியப்பட வேண்டும்.