வெள்ளிப் படலத்தின் வாரிசு

1958-இல் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா அசெட்டிலீன் வாயுவின் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்தார். கிடைத்தது ஒரு கறுப்புத் தூள். உருகாது, எதிலும் கரையாது. பாலிஅசெட்டிலீனின் பிறப்பை யாரும் கொண்டாடவில்லை.

1967-இல் டோக்கியோவில் வேதியியலாளர் ஹிடெகி ஷிரகாவா வேலைபார்த்த ஆய்வகத்துக்கு வந்திருந்த ஓர் ஆய்வாளர், வினையூக்கியை மில்லிமோல் கணக்கில் சேர்ப்பதற்குப் பதில் மோல் கணக்கில் சேர்த்துவிட்டார். ஆயிரம் மடங்கு! தூளைக் காணோம், கரைசலின் மேல் பாலாடைபோல் ஒரு வெள்ளி நிறப் படலம். வேறொருவர் என்றால் கொட்டிக் கழுவியிருப்பார். ஷிரகாவா அது ஏன் வந்தது என்று துருவினார். அந்தத் தவறைவிட இந்தத் துருவல்தான் பெரிது என்பேன். ஆனால் பார்வைக்குத்தான் அந்தப் படலம் உலோகம். மின்சாரம் சரியாகப் பாயவில்லை.

1975-இல் டோக்கியோ வந்த வேதியியலாளர் ஆலன் மெக்டயர்மிட் அதைப் பார்த்துவிட்டு, ஷிரகாவாவை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1976 நவம்பரில் படலத்தின்மீது புரோமின் ஆவியைப் பாய்ச்சியதும் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு எகிறியது. அந்தச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. புரோமின் சில எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, காலியான இடத்துக்குப் பக்கத்து எலெக்ட்ரான் நகர்கிறது. அது விட்ட இடத்துக்கு அடுத்தது. இந்த நகர்வுதான் மின்னோட்டம்.

2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு. பாலிஅசெட்டிலீனுக்கோ வேலை கிடைக்கவில்லை. காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும் பொருளை எந்தத் தொழிற்சாலை வாங்கும்?

பிழைத்தது வேறு கிளை. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கிய பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர், அதாவது இன்னொரு சங்கிலி மூலக்கூறு, காற்றைத் தாங்கியது. இன்னொரு பாலிமரின் துணையோடு நீரில் கலந்து, மைபோலப் பூசக்கூடிய கருநீலத் திரவமானது. முதலில் பார்த்தது எளிய வேலைதான். புகைப்படச் சுருளை உருவும்போது நிலைமின்சாரப் பொறி பறந்தால் படத்தில் கோடு விழும். அதைத் தடுக்கச் சுருளில் பூசினார்கள். சுருளின் காலம் முடிந்தது, பெடாட்டின் காலம் முடியவில்லை. டாண்டலம் மின்தேக்கிகளில் அதுவரை இருந்த மாங்கனீசு டை ஆக்சைடு, பழுதானால் ஆக்சிஜனை விட்டுத் தீக்கு வழிகாட்டும். அந்த இடத்தைப் பெடாட் பிடித்தது. ஓஎல்இடி திரைகளிலும் மெல்லிய அடுக்காகப் புகுந்தது.

இப்போது மூளையில் பதிக்கும் மின்முனைகளின்மேல் அதைப் பூசிப் பார்க்கிறார்கள். நரம்பில் ஓடுவது அயனி, கருவியில் ஓடுவது எலெக்ட்ரான். பெடாட் இரண்டையும் கடத்தும்.