அடையாறு ஆஸ்பத்திரிகள் யாருக்குச் சொந்தம்?

ஆஸ்பத்திரி என்றால் ஒன்று அரசாங்கத்துடையது, இல்லை பிரைவேட் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். இரண்டிலும் சேராத ஒரு வகை 1950களில் நம் பகுதியில் வேரூன்றியது. நம் நலச் சங்கத்தைப் போலவே பதிவு செய்த சங்கம். உரிமையாளர் என்று யாரும் இல்லை. பணம் மிஞ்சினால் உறுப்பினர்கள் பங்கு போட முடியாது.

முதலாவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கம் வழியாக நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தார். மகன் நடத்தினாலும் அது குடும்பச் சொத்தாகவில்லை. 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தா கடைசிவரை வளாகத்திலேயே வாழ்ந்தார்.

டைடல் பார்க் போகும் வழியிலுள்ள வி.எச்.எஸ். கதை இன்னும் சுவாரஸ்யமானது. மருத்துவப் பேராசிரியர் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் அது. நோய் வந்தபின் பில் கட்டுவது சரியல்ல, நன்றாக இருக்கும்போதே குடும்பம் முழுவதும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும் என்றார் அவர். சந்தா வருமானத்துக்கு ஏற்ப மாறும், ஏழைக்குப் பெயரளவுக்குத்தான். மெடிகிளைம் பாலிசி 1986-ல்தான் வந்தது. இவர் 1960களிலேயே செய்து பார்த்துவிட்டார். சிக்கலும் அங்கேதான் இருந்தது. திடமாக இருப்பவர் சந்தா கட்டத் தயங்குவார். (பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் நம் பொருளாளருக்கு இது புரியும்.) சந்தாவை மட்டும் நம்பி ஆஸ்பத்திரி ஓடாது, நன்கொடையும் அரசு மானியமும் வேண்டியிருந்தது.

மேற்கு மாம்பலம் பப்ளிக் ஹெல்த் சென்டரும் இந்த வகைதான். பெயரைப் பார்த்து அரசு நிலையம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

1983-ல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ வந்தது. அது பங்குதாரர்கள் முதல் போட்ட கம்பெனி. புதிய கருவி வாங்க நன்கொடைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் போட்ட முதலுக்கு வருமானம் காட்டியாக வேண்டும். சங்க ஆஸ்பத்திரிக்கு அந்த நெருக்கடி இல்லை. அதற்குப் பதில், கட்டடம் விரிசல் விட்டாலும் ஸ்கேன் பழசானாலும் யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே நிர்வாகக் குழுவில் யார் உட்காருகிறார் என்பதே பாதி வைத்தியம் என்பது என் எண்ணம்.

சஞ்சீவி 1994-ல் மறைந்தார், சாந்தா 2021-ல். இரண்டு இடங்களிலும் புறநோயாளிகள் வரிசை இன்றும் காலையிலேயே தொடங்கிவிடுகிறது.