கூடலூர் மருத்துவமனை புகட்டும் பாடம்

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரை அடுத்து, தேயிலைத் தோட்டங்களும் கானகமும் சூழ விரிந்து கிடப்பது ஓவேலி. தேயிலை வருவதற்கு முன்னரே இவ்வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலான ஆதிவாசிகள். கேரளத்திலிருந்து குடியேறியோரும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழரும் பின்னர் வந்து சேர்ந்தனர்.

இவர்களுள் பணியர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாய் உழன்றவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் பிறந்தது. ஆயினும், இழிவாக நோக்கும் பழக்கம் சட்டத்தால் மட்டும் மறைந்துவிடுவதன்று. தம் மொழி அறியாத, தம்மை மதியாத இடத்திற்கு நோயாளியைக் கொண்டுசெல்ல அம்மக்கள் அஞ்சினர். காக்கத்தக்க உயிர்கள் வயிற்றுப்போக்கிலும் பேறுகாலத்திலும் கழிந்தன.

1980களின் நடுவில் ‘அக்கார்டு’ என்னும் அமைப்பு, நில உரிமைக்காக இம்மக்களை ஒன்றுதிரட்டத் தொடங்கியது. 1987இல் மருத்துவத் தம்பதியரான தேவதாசனும் ரூபாவும் அங்கே சுகாதாரப் பணியை மேற்கொண்டனர். அவர்கள் முதலில் கட்டடம் எழுப்பவில்லை. ஆதிவாசிக் குடியிருப்புகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். கருவுற்ற தாயைக் கவனிப்பதும், குழந்தைக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வதும், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டுவதும் அவர்தம் பணிகளாயின. 1990இல் ‘அஸ்வினி’ அமைப்பின்கீழ்க் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. அம்மக்களின் புதல்வியரே பயிற்சி பெற்று அங்குச் செவிலியராயினர். 1992இல் மருத்துவக் காப்பீடும் ஏற்பட்டது.

காஹிராவில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டளவில் நிறுவிய மருத்துவமனை, அரசனுக்கும் அடிமைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவென அறிவிக்கப்பட்டது. கதவைத் திறந்துவைத்தது அக்காலத்தில் பெருஞ்செயலே. கூடலூரோ மேலும் ஓர் அடி முன்னே வைத்தது. கதவு திறந்திருந்தும் உள்ளே நுழைய அஞ்சியவரின் அச்சத்தைப் போக்க, அவருடைய மொழியையே பேசும் ஒருத்தியை உள்ளே நிறுத்தியது. நேற்றுவரை தீண்டத் தயங்கப்பட்ட கை, இன்று நோயாளியின் நாடி பார்க்கிறது.

எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைப்பதே சமத்துவம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரிசைக்கே வர இயலாதவரின் குடிசையை நாடிச் செல்வதும் சமத்துவமே. மருத்துவமும் செவிலியமும் கற்க மக்களை அனுப்பும் நம் குடும்பங்கள், பட்டத்தோடு இப்பாடத்தையும் அவர்கள் பெற்று வருகிறார்களா என்று கேட்டறிதல் நன்று.