கண்ணில் தூசி விழுதல் (முதலுதவி)

கண்ணின் மேற்பரப்பிலோ இமைக்கு அடியிலோ அயற்பொருள் சிக்குவது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை: புழுதி, அஷ்டலிங்கச் சன்னதிகளில் எரியும் கற்பூரத்தின் கரி, நெற்றியிலிருந்து உதிரும் விபூதி.

கசக்கக் கூடாது. கசக்கினால் மணல் துகள் கருவிழியைக் கீறிவிடும். துகள் போன பிறகும் உறுத்தல் நிற்காது. கையைக் கழுவிவிட்டுப் பலமுறை கண் சிமிட்டினால் கண்ணீரே பெரும்பாலும் வெளியேற்றிவிடும். போகாவிட்டால் தலையைச் சாய்த்து, சுத்தமான குடிநீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஊற்ற வேண்டும். தீர்த்தக்குள நீர் இதற்கு ஆகாது. மேலிமைக்கடியில் உறுத்தினால், அதன் மயிரைப் பிடித்துக் கீழிமையின் மேல் இழுத்துவிடலாம். கீழிமை மயிர் துகளைத் துடைத்தெடுக்கும். வாயால் ஊதுவது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவது எல்லாம் கிருமித் தொற்றுக்கு வழி.

வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தால் கதையே வேறு. அது காரம், நிமிடக் கணக்கில் கருவிழியை அரிக்கும். அந்த இடத்திலேயே, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் விடாமல் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

வெல்டிங் பட்டறை இரும்புத்தூள், கல் செதுக்கும்போது தெறித்த சில்லு போன்றவை குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அழுத்தாமல் காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பார்வை மங்கினாலோ மறுநாளும் சிவப்பு இருந்தாலோ கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.