சில்லு ஆலைகளில் வேலை வரிசையும் தென்காசியின் முயற்சியும்

தென்காசி மாவட்டத்தில் குற்றாலத்திற்கு அருகே உள்ள சிற்றூர் மத்தளம்பாறை. ஸோகோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் தொடங்கி, பின்னர் மத்தளம்பாறையைத் தன் முக்கிய மையங்களுள் ஒன்றாக்கியது. அந்நிறுவனம் சுமார் 70 கோடி டாலர் செலவில் குறைகடத்திச் சில்லு உற்பத்தியில் இறங்கத் திட்டமிட்டிருப்பதாக 2024-இல் செய்தி வெளியானது. 2025 மே மாதத்தில் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பணம் இருந்தால் மட்டும் சில்லு ஆலை அமைந்துவிடாது என்பதை அம்முடிவு காட்டியது. ஆலையின் எந்த இயந்திரம் எப்போது எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவுக்கும் தனி வரலாறு உண்டு. அதில் சென்னையில் படித்த ஒருவருக்கு முக்கிய இடம் உள்ளது.

திரும்பி வரும் வரிசை

கார் தொழிற்சாலையில் வண்டி ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. சில்லு ஆலையில் அப்படி இல்லை. வேஃபர் எனப்படும் சிலிக்கான் வட்டத்தகட்டின் மீது அடுக்கடுக்காகச் சுற்றுகள் உருவாக்கப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் அது ஒளியச்சு இயந்திரத்திற்குத் திரும்பி வர வேண்டும். மொத்தம் பல நூறு படிகள். முடிய வாரக்கணக்கில் ஆகும்.

குற்றாலத்தின் சாரல் காலத்தை இதற்கு ஒப்பிடலாம். பலர் அருவியில் குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் அருவிக்கு வருவார்கள். புதிதாக வந்தவரும் திரும்பி வந்தவரும் ஒரே இடத்திற்குத்தான் காத்திருக்கிறார்கள். யாரை முதலில் விடுவது? சில்லு ஆலையில் விலை உயர்ந்த ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் எழும் கேள்வி இதுவே. அங்கே கூடுதல் சிக்கலும் உண்டு. சில படிகளுக்கு இடையே குறித்த நேரத்திற்கு மேல் காத்திருந்தால் வேஃபரின் மேற்பரப்பு கெட்டுவிடும்.

இயந்திரங்களுக்கு ஒரு பொதுமொழி

தொடக்கத்தில் வேஃபர்களை ஆட்களே எடுத்துச் சென்றனர். ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் கணினியுடன் தன் போக்கில் பேசியது. இதைச் சீராக்க, செமி என்னும் தொழில் அமைப்பு 1980-களின் தொடக்கத்தில் செக்ஸ் என்ற தகவல்தொடர்புத் தரத்தை வெளியிட்டது. இயந்திரம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுக்கும் ஜெம் தரம் 1992-இல் வந்தது.

1987-இல் அப்ளைட் மெட்டீரியல்ஸ் நிறுவனம் பிரிசிஷன் 5000 இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் நடுவே ஒரு ரோபோ கை. சுற்றிலும் பல அறைகள். எல்லா அறைகளும் நிரம்பி, ஒவ்வொரு வேஃபரும் அடுத்த அறை காலியாகக் காத்திருந்தால் இத்தகைய இயந்திரம் முழுவதும் உறைந்துபோகும். ஆகவே ரோபோவின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியதாயிற்று. 300 மில்லிமீட்டர் வேஃபர்கள் வந்தபின், 25 வேஃபர்கள் கொண்ட பெட்டிகளைக் கூரையில் ஓடும் வண்டிகள் சுமக்கலாயின.

பி. ஆர். குமாரின் ஆய்வுகள்

பி. ஆர். குமார் 1973-இல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரும் தாமஸ் சைட்மனும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை எதிர்பாராத ஒரு முடிவைக் கூறியது. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் போதிய திறன் இருந்தாலும், எதை முதலில் செய்வது என்ற விதி தவறானால் தேக்கம் எல்லையின்றி வளரக்கூடும். அதாவது, ஓர் இயந்திரம் கையிலிருக்கும் ஒரு வகை வேலையை முழுதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும் என்றால், மற்றோர் இயந்திரம் வேலையின்றி நிற்கும். பிறகு அதன்மீது மொத்தமாக வேலை குவியும். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகிக்கொண்டே போகும்.

1991-இல் லூவுடன் சேர்ந்து குமார் இதற்கு மாற்று விதிகளை ஆராய்ந்தார். முடியும் தறுவாயில் உள்ளவற்றுக்கு முன்னுரிமை தந்தால் தேக்கம் கட்டுக்குள் இருக்கும் என்று நிறுவினர். 1994-இல் லூ, தீபா ராமசுவாமி, குமார் மூவரும் காத்திருப்பு நேரத்தையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் குறைக்கும் முறைகளைச் சில்லு ஆலை மாதிரிகளில் சோதித்துக் காட்டினர்.

இந்தியாவும் தென்காசியும்

இந்திய அரசின் குறைகடத்தி வளாகம் மொகாலியில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தில் ஆலை பெரும் அழிவுக்கு உள்ளானது. உலக ஆலைகள் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மாறிய அந்த ஆண்டுகள் இந்தியாவுக்குப் பெருமளவு இழப்பாயின.

குஜராத்தின் தொலேராவில் டாட்டா நிறுவனம் அமைக்கும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்குத் தைவானின் பிஎஸ்எம்சி தொழில்நுட்பக் கூட்டாளியாக உள்ளது. ஸோகோவின் நிலை வேறு. அதன் நிறுவனர்களில் ஒருவரும் சென்னை ஐஐடி மாணவருமான ஸ்ரீதர் வேம்பு, மக்களின் வரிப்பணத்தைப் பெறுவதற்கு முன் தொழில்நுட்ப வழி உறுதியாக வேண்டும் என்றும், அந்த உறுதி கிட்டாததால் திட்டத்தை நிறுத்திவைத்ததாகவும் தெரிவித்தார்.

வேஃபரைப் பதப்படுத்தும் நுட்பத்தை மென்பொருள் ஈடுசெய்ய இயலாது. ஆனால் அந்நுட்பம் கைவந்த பிறகு, வாங்கிய இயந்திரங்கள் எவ்வளவு சில்லுகளைத் தரும் என்பதை வேலை வரிசையும் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்குக் கணிதமும் நிரலாக்கமும் தேவை. சென்னையில் படித்தவர் அதற்கு அடித்தளமிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மத்தளம்பாறை போன்ற சிற்றூரில் இருந்தும் செய்யக்கூடிய பணி அது.