வேதப்படிப்பும் உலகப்படிப்பும்: யூத இல்லங்கள் காட்டிய வழி

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்போடு பணித்தார்கள். நம் பள்ளியின் தோற்றம், அதை எழுப்பியவர்கள் பட்ட பாடு, தலைமையாசிரியர்களின் வரிசை ஆகியவற்றைத் தகுதியுள்ளோர் எழுதுகிறார்கள். பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அவ்வேதத்தை நமக்கு முன்பே கைக்கொண்ட யூத மக்கள் இருவகைப் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் காத்த வரலாற்றை எழுதுவதே என் கடன் என்று கொண்டேன்.

தகப்பன் கடன்

உபாகமம் ஆறாம் அதிகாரம் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே தருகிறது. வீட்டிலும் வழியிலும், இரவும் காலையும் பிள்ளைகளோடு வேதத்தைப் பேசவேண்டும் என்பது கட்டளை. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்மூதின் கித்துஷின் பகுதி இதை விரித்துத் தகப்பனின் கடமைகளை அடுக்குகிறது. மகனுக்கு வேதம் கற்பிக்க வேண்டும். மணம் முடித்து வைக்க வேண்டும். ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும். நீந்தவும் கற்பிக்க வேண்டும் என்பாரும் உண்டு. தொழில் கற்பிக்காத தகப்பன் மகனுக்குக் களவைக் கற்பித்தவன் ஆகிறான் என்று ரபி யூதா கடுமையாகவே சொல்கிறார். கமாலியேலின் பாதத்தருகே வேதம் பயின்ற பவுல் அப்போஸ்தலர் கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்ததை இந்தப் பின்னணியில் வாசித்தால்தான் விளங்கும். அவர் வளர்ந்த மரபில் அது இயல்பான காரியம்.

அதே பெயருடைய பிற்கால ரபான் கமாலியேல் ஒருவர் உண்டு. ரபிகளின் வாய்மொழிச் சட்டங்களான மிஷ்னாவைத் தொகுத்த யூதா இளவரசரின் மகன். வேதப்படிப்போடு உலகத் தொழிலும் சேர்ந்திருப்பதே நலம் என்றும், இரண்டிலும் உழைப்பவனுக்குப் பாவத்தை நினைக்கவும் நேரமிராது என்றும் அவர் போதித்தார். ஆனால் இதில் எல்லாரும் ஒருமனப்பட்டிருக்கவில்லை. உழுவதும் விதைப்பதுமாக இருந்தால் வேதம் என்னாவது என்று ரபி சிமியோன் பார் யோகாய் கேட்டார். அந்த வழக்குக்குத் தால்மூது ஆசிரியர் அபாயே சொன்ன தீர்ப்பு அனுபவத் தீர்ப்பு: உழைத்துக்கொண்டே கற்ற பலர் தேறினார்கள், சிமியோனைப் பின்பற்றிய பலர் தேறவில்லை. ராவா என்ற ஆசிரியரோ, நிசான், திஷ்ரி மாதங்களில் தம் முன் வரவேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். அறுவடைக்கும் எண்ணெய், திராட்சரசம் சேர்ப்பதற்கும் உரிய மாதங்கள் அவை. அப்போது வேலையை முடித்தால் ஆண்டு முழுவதும் வீட்டுக்கவலை இன்றிப் படிக்கலாம் அல்லவா?

இரு சகோதரர்

இந்த மரபின் சிகரம் இடைக்கால யூத வேத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடெஸ். அவர் அறிவை வியப்போர், அவர் தம்பி தாவீதை நினைப்பதில்லை. தாவீது இரத்தின வணிகர். அண்ணன் கவலையின்றிக் கற்பதற்காக ஊர் ஊராக வாணிகம் செய்தார். பாலைநிலம் கடந்து செங்கடல் துறையான ஐதாபை அடைந்து, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். பழைய ஏடுகளின் சேமிப்பறையான கெய்ரோ கெனிசாவில் கிடைத்த அக்கடிதம் இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. பாலைவனத்தில் காத்தவர் கடலிலும் காப்பார் என்ற நம்பிக்கையும், வீட்டாரைத் தேற்றும் சொற்களும் அதில் உள்ளன. இந்துமாக்கடலில் தாவீது மூழ்கிப்போனார். மைமோனிடெஸ் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்தார். தம்பியின் விதவையும் சிறு மகளும் அவர் பொறுப்பாயினர். அதன்பின் மருத்துவமே அவருக்கு வாழ்வாதாரம் ஆயிற்று.

1199-இல் தம் நூலை மொழிபெயர்த்துவந்த சாமுவேல் இப்னு திப்போனுக்கு எழுதிய கடிதத்தில் தம் அன்றாடத்தை அவரே விவரிக்கிறார். தினமும் காலையில் தாம் வாழ்ந்த புஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் போகவேண்டும். நண்பகலுக்குப் பின் பசியோடு திரும்பினால், முன்கூடம் நிறைய யூதரும் பிறருமாக நோயாளிகள். கை கழுவி, சற்றுப் பொறுக்கும்படி அவர்களை வேண்டிக்கொண்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரே தடவையான தம் உணவை உண்கிறார். இரவில் களைப்பால் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்கிறார். ஓய்வுநாளில் சபையார் திரண்டு வர, அவர்களோடு வேதம் ஆராய்கிறார். மிஷ்னே தோரா என்னும் யூதச் சட்டநூலைத் தந்தவர் வாழ்ந்த வாழ்வு இது. வேதத்தைக் காட்டி தருமத்தில் உண்பவன் தேவநாமத்தை இழிவுபடுத்துகிறான் என்று அந்நூலில் விதித்தவர், தாமும் அவ்விதியின்படியே நடந்தார்.

பிராங்க்பர்ட் பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கதவு திறந்தபோது, வேதமா உலகமா என்று இளைஞர் திகைத்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர் சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் (1808–1888). பாட்டனார் ஹாம்பர்கில் வேதப்பள்ளி நிறுவியவர். தந்தையார் வேதப்பற்றுள்ள வணிகர். ஹிர்ஷ் பான் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1836-இல் 'பத்தொன்பது கடிதங்கள்' வெளியிட்டார். 1851-இல் மொராவியாவின் தலைமை ரபி பதவியைத் துறந்து, பிராங்க்பர்ட்டில் ஒரு சிறு சபைக்கு வந்தார். வேதத்தோடு உலகநெறி என்ற பழைய ரபிகளின் போதனையைக் கொடியாக உயர்த்தி 1853-இல் பள்ளி திறந்தார். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எபிரெயமும் வேதமும் படித்தனர்; ஜெர்மன் இலக்கியமும் கணிதமும் அறிவியலும் படித்தனர். 1859-இல் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் பிறப்பு நூற்றாண்டுக்கு அப்பள்ளியில் ஹிர்ஷே சிறப்புரை ஆற்றினார். ஆனால் அவர் எல்லை வகுத்தவர். உலகக்கல்விக்கு வேதமே உரைகல். வேதத்துக்கு உலகக்கல்வி உரைகல் அன்று. இதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. மகன் மெண்டல் பள்ளித் தலைமையை ஏற்றார். நாஜிகளின் காலத்தில் பள்ளி அழிக்கப்பட்டது. பேரர் ஜோசப் ப்ராயர் நியூயார்க்கில் அச்சபையை மீண்டும் எழுப்பினார்.

பள்ளிக்கூடம் எவ்வளவு சிறந்ததாயினும் வீட்டின் வேலையை அது செய்துவிடாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு. பஸ்கா இரவில் பிள்ளை கேட்கவேண்டும், தகப்பன் விடை சொல்லவேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்கிறாள். அறிஞர் இருவரே இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். நம் வீடுகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வைக்கிறோம். வேதத்தை ஞாயிறு பள்ளிக்கு விட்டுவிடுகிறோம். நூற்றாண்டு காணும் நம் பள்ளியின் பெற்றோரே, இன்றிரவு முதல் பிள்ளையின் பாடப்புத்தகத்தையும் வேதத்தையும் ஒரே மேசையில் விரித்து அருகில் உட்காருங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு நீங்களே விடை சொல்லுங்கள்.